ஒத்தடப் பைக்குள் எதை நிரப்புவது?

நவம்பர் 9, மாலை (வாசகர் கேள்வி)

மைக்ரோவேவில் சூடாக்கும் ஒத்தடப் பை ஒன்றை வீட்டிலேயே தைக்கப் போகிறேன். கழுத்துக்கும் தோளுக்கும் வேண்டும். ஆளி விதைதான் ரொம்ப நேரம் சூடு தாங்கும், மற்றதெல்லாம் வீண் என்று படித்தேன். அரிசி போதாதா? உப்பு, மணல்கூடப் போடலாம் என்கிறார்கள். எது நல்லது?

நவம்பர் 9, இரவு

முதல் பை என்றால் அரிசியே போடுங்கள். ஆறு வருடமாக இந்தப் பைகளைத் தைத்து வீட்டுக்கும் உறவினர்களுக்கும் கொடுத்து வருகிறேன். அரிசி, கோதுமை, வாற்கோதுமை, ஆளி விதை, கடுகு, செர்ரிக் கொட்டை என்று எல்லாவற்றையும் நிரப்பிப் பார்த்தாயிற்று. ஆளி விதை நல்லதுதான். மற்றதெல்லாம் வீண் என்பது மட்டும் சரியில்லை.

உப்பும் மணலும் வேண்டாம். கையில் எடுத்தால் கனமாக இருப்பதால் சூட்டையும் நிறையப் பிடித்து வைக்கும் என்று தோன்றும். உண்மையில் ஒரு கிராம் உப்பை ஒரு டிகிரி சூடாக்க 0.86 ஜூல் போதும். மணலுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். தானியத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். அதாவது அதே எடையில், அதே சூட்டில், தானியம் இரண்டு மடங்கு வெப்பத்தை வைத்திருந்து திருப்பிக் கொடுக்கும். இன்னொன்று, காய்ந்த உப்பும் காய்ந்த மணலும் மைக்ரோவேவ் அலையைச் சரியாக வாங்கிக்கொள்வதே இல்லை. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டிப்போகும். வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்க அவை பொருத்தம். அது வேறு வேலை.

நிரப்புவதற்கு முன் அரிசியை வெறும் வாணலியில் லேசாக வறுத்துக்கொள்ளுங்கள். வண்டு வராது.

நவம்பர் 10

ஆளி விதை பற்றி நேற்றுப் பாதியில் விட்டுவிட்டேன்.

அதன் பலம் வடிவத்தில் இருக்கிறது. சின்னது, தட்டையானது, வழுக்கும். கழுத்தில் வைத்தால் தண்ணீர்போல் ஓடிப்போய்ப் பள்ளத்தில் படியும். விதைகளுக்கு இடையே காற்று குறைவு, உடம்போடு ஒட்டுவது அதிகம். அதனால் இதமாக இருக்கிறது. இதை "ரொம்ப நேரம் சூடு தாங்கும்" என்று சொல்கிறார்கள் என நினைக்கிறேன். என் கைக்கு, ஒரே எடையில் தைத்த ஆளி விதைப் பைக்கும் கோதுமைப் பைக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை. இதத்தில் தெரிந்தது.

அதன் பலவீனம் எண்ணெய். விதையில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் எண்ணெய். அது காற்றுப் பட்டால் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும் வகை. அப்படி இறுகும்போது தானே வெப்பத்தை வெளியிடும். ஆளி எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகத் தீப்பிடிக்கும் என்று மரச்சாமான் மெருகிடுபவர்கள் எச்சரிப்பது இதனால்தான். முழு விதையில் எண்ணெய் தோலுக்குள் அடங்கியிருக்கும், பயமில்லை. உடைந்த விதையோ பொடித்ததோ பைக்குள் போகவே கூடாது. திரும்பத் திரும்பச் சூடாக்கினால் முழு விதையும் ஒருநாள் காறிப்போகும். அந்தக் காறல் வாடை துணியில் ஏறினால் போகாது. என் முதல் ஆளி விதைப் பை ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை.

நவம்பர் 10, சற்று நேரம் கழித்து

ஒன்றை விட்டுவிட்டேன். ஆளி விதைக்குச் சாதாரணப் பருத்தித் துணி போதாது, தையல் இடுக்கு வழியே வழிந்துகொண்டே இருக்கும். கெட்டி நெசவுத் துணி எடுத்து, தையலை இரண்டு முறை ஓட்டுங்கள். கடுகுக்கும் அப்படித்தான்.

நவம்பர் 14

ஒன்பதாம் தேதி இரவு அரிசியை வறுத்துக்கொள்ளச் சொன்னேனே, அது தவறு. வறுக்காதீர்கள். யாராவது ஏற்கெனவே வறுத்திருந்தால் அதை வைத்துவிட்டு வேறு அரிசி எடுங்கள்.

நான்கு நாளாக இது உறுத்திக்கொண்டே இருந்தது. மைக்ரோவேவ் அரிசியை நேராகச் சூடாக்குவதில்லை. அரிசிக்குள் இருக்கும் தண்ணீரைத்தான் முக்கியமாகச் சூடாக்குகிறது. வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு 2450 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அந்த அலையின் ஆட்டத்துக்கு நீர் மூலக்கூறுகள் ஆடப் பார்க்கின்றன, அந்த ஆட்டம் வெப்பமாகிறது. காய்ந்ததாக நாம் நினைக்கும் அரிசியிலும் 12 முதல் 14 சதவீதம் தண்ணீர் இருக்கிறது. எண்ணூறு கிராம் அரிசி என்றால் ஏறக்குறைய நூறு கிராம் தண்ணீர். அரை டம்ளர் அளவு! பை சூடாவதற்குக் காரணம் அந்த அரை டம்ளர்தான். வறுத்தால் அதைத் துரத்திவிடுகிறோம்.

இதை நான் அனுபவத்திலேயே கண்டிருக்க வேண்டியது. இரண்டு வருடத்துக்கு முன் நன்றாக வறுத்த அரிசியில் ஒரு பை தைத்தேன். இரண்டு நிமிடத்தில் சூடாகவில்லை என்று மூன்று வைத்தேன், பிறகு நான்கு. ஒருநாள் கருகல் வாடை வந்தது. அடுப்பில்தான் கோளாறு என்று அப்போது நினைத்தேன். தண்ணீர் இருக்கும்வரை அது ஆவியாவதற்கே வெப்பம் செலவாகும், தானியம் மிதமிஞ்சிச் சூடேறாது. தண்ணீர் போனபின் அந்தக் கடிவாளம் இல்லை.

வண்டுக்கு வேறு வழி உண்டு. அரிசியைக் காற்றுப் புகாத பையில் கட்டி உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். பூச்சியோடு முட்டையும் சாகும். எடுத்தவுடன் பிரிக்காதீர்கள், அறையின் சூட்டுக்கு வந்தபின் பிரியுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த அரிசியின்மேல் காற்றிலுள்ள ஈரம் படிந்துவிடும்.

நவம்பர் 15

என்ன அரிசி என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். தீட்டிய வெள்ளை அரிசி. பச்சரிசி, புழுங்கல் இரண்டும் சரிதான். தவிடு நீக்காத அரிசி வேண்டாம், தவிட்டிலிருக்கும் எண்ணெய் காறும். சில நிமிடத்தில் வேகும்படி முன்பே வேகவைத்து உலர்த்தி விற்கும் அரிசியும் வேண்டாம். அது பொரிபோல் லேசு, எடையே இல்லாததில் எங்கிருந்து சூடு நிற்கும்?

பாப்கார்ன் சோளம் கட்டாயம் வேண்டாம். உள்ளே பதினான்கு சதவீதத்தை ஒட்டிய ஈரம், வெளியே ஆவி தப்பிக்க முடியாத கெட்டித் தோல். உள்சூடு 180 டிகிரியை நெருங்கினால் வெடிக்கும். பை முழுக்க அந்தச் சூட்டுக்குப் போகாது, ஆனால் ஒரு மூலை போனால் போதும்.

நவம்பர் 23

சமையலறைத் தராசில் ஒரு வாரம் என் அரிசிப் பையை எடை போட்டேன். இதை எழுதத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

சூடாக்கும் முன் 812 கிராம். இரண்டு நிமிடம் வைத்து எடுத்ததும் 804. மறுநாள் காலை 809. அதற்கடுத்த நாள் மாலை 812. போன தண்ணீர் காற்றிலிருந்து திரும்பி வந்துவிட்டது! கையில் எடுத்ததும் பை கொஞ்சம் ஈரமாகத் தெரிகிறதே, கண்ணாடியில் ஆவி படிகிறதே, அந்த எட்டு கிராம்தான் அது. தோலில் பட்டதும் ஈர ஒத்தடம்போல் இருப்பதும் அதனால்தான்.

பிறகு ஒரு மாலையில் ஆறவிடாமல் மூன்று முறை அடுத்தடுத்துச் சூடாக்கினேன். ஏறக்குறைய 25 கிராம் போயிற்று. திரும்ப வர மூன்று நாளுக்கு மேல் ஆயிற்று. "முழுதாக ஆறும்வரை மறுபடி சூடாக்காதே" என்று இந்தப் பைகளில் அச்சடித்திருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. உள்ளே மிச்சமிருக்கும் சூட்டின்மேல் புதுச் சூடு ஏறுவது ஒரு ஆபத்து, காய்ந்துகொண்டே போவது இன்னொன்று. இரண்டும் சேர்ந்துதான் கருக வைக்கின்றன. தினம் இரண்டு முறை ஒத்தடம் வேண்டுமென்றால் இரண்டு பை தைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர் வைக்கலாமா என்று கேட்டவருக்கு: வைக்கலாம். ஆனால் அந்தத் தண்ணீர் தானியத்துக்குள் போய்விடும் என்று எண்ண வேண்டாம். அது அலையில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்கிறது, பைமேல் விழுவது குறைகிறது. பழைய, காய்ந்த பைக்கு அது ஒரு காவல். பையின்மேல் தண்ணீர் தெளிப்பதை நான் நிறுத்திவிட்டேன். துணி நனைந்து, உள்ளே சில அரிசி மட்டும் ஊறி, ஒரு வாரத்தில் பூஞ்சண வாடை வந்தது.

டிசம்பர் 2

"இவ்வளவு பாடு எதற்கு, வெந்நீர்ப் பை போதாதா?"

நியாயமான கேள்வி. சூட்டைச் சேமிப்பதில் தண்ணீரை எந்தத் தானியமும் வெல்லாது. ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரிக்கு 4.18 கிலோஜூல். ஒரு கிலோ தானியம் 1.6 அல்லது 1.7. இரண்டரை மடங்கு வித்தியாசம். வெறும் நேரம்தான் வேண்டுமென்றால் வெந்நீர்ப் பைதான் சரி.

ஆனால் ரப்பர் பை கழுத்தில் படியாது, உருண்டு விழும். மூடி தளர்ந்தால் கொதிநீர் மேலே கொட்டும். தானியப் பை தோளில் கை வைத்தது மாதிரி உட்காரும். அந்தக் கனமே பாதி மருந்து. வலியோடு இருப்பவர் எழுந்துபோய்த் தண்ணீர் காய்ச்ச வேண்டியதும் இல்லை.

டிசம்பர் 6

இன்று ஒரு பை பாழ். கோதுமை நிரப்பிய நீளமான பை, முதுகுக்காகத் தைத்தது. மடித்து அடுப்பில் வைத்தபோது ஒரு முனை உட்சுவரில் முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கண்ணாடித் தட்டு சுற்றவில்லை. கதவைத் திறந்ததும் ரொட்டி தீய்ந்த வாடை. வெளித்துணியில் ஒன்றும் இல்லை. உள்பையைப் பிரித்தால் நடுவில் எலுமிச்சை அளவு ஒரு கட்டி, கறுப்பு. சுற்றிலும் இருந்த கோதுமை அப்படியே வெளுப்பாக இருந்தது.

அந்த அலையின் நீளம் பன்னிரண்டு சென்டிமீட்டர் சொச்சம். பெட்டிக்குள் எதிரொளித்து நிலையாக நிற்கும்போது சூடான இடமும் சூடேறாத இடமும் ஆறு சென்டிமீட்டர் வாக்கில் மாறி மாறி அமைகின்றன. தட்டு சுற்றினால்தான் எல்லா இடமும் சமமாகச் சூடாகும். சுற்றவில்லை என்றால் ஒரே இடத்தில் அடி விழுந்துகொண்டே இருக்கும்.

வெளியே தொட்டுப் பார்த்தபோது சாதாரணச் சூடுதான் இருந்தது. வாடை வராமல் இருந்திருந்தால் அந்தப் பையை அப்படியே அம்மாவிடம் கொடுத்திருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

டிசம்பர் 7

நேற்றைய கதையிலிருந்து தையலுக்கு வந்த திருத்தங்கள்.

முதலில் அடுப்பின் தட்டை அளந்துவிட்டுத் துணியை வெட்டுங்கள். மடித்த பை தட்டின் விளிம்பைத் தாண்டக் கூடாது. தாண்டுமென்றால் இரண்டு சின்னப் பையாகத் தையுங்கள். நீளப் பையைக் குறுக்கே தைத்து மூன்று நான்கு அறையாகப் பிரியுங்கள். இல்லையென்றால் தானியம் ஒரு பக்கம் குவியும், குவிந்த இடத்தின் நடுவில் சூடு மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு அறையையும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், தளதளவென்று இருந்தால்தான் உடம்பில் படியும். ஒரு நிமிடம் ஆனதும் எடுத்து உலுக்கிவிட்டு அடுத்த நிமிடம் வையுங்கள்.

துணி, நூல் இரண்டும் பருத்தி. பாலியெஸ்டர் 250 டிகிரியை ஒட்டித்தான் உருகும், பை அவ்வளவு சூடாகாது என்று ஒருவர் எழுதியிருந்தார். நேற்று என் பையின் நடுவில் எவ்வளவு இருந்தது என்று யாருக்குத் தெரியும்? உருகிய நார் தோலில் ஒட்டும். ஜிப், உலோகப் பொத்தான், ஜரிகை எதுவும் கூடாது. தானியம் நிரப்பிய உள்பையைத் துவைக்க முடியாது, அதனால் கழற்றித் துவைக்கிற மாதிரி மேலுறை ஒன்று தனியாக. அதற்கு ஜிப் வைக்காமல் தலையணை உறைபோல் மடிப்பு விட்டுத் தைத்தால் போதும்.

டிசம்பர் 19

வாடை பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். அரிசி சூடானால் சோறு வெந்த வாசம் வரும். கோதுமை சுட்ட ரொட்டிபோல். கோதுமை வாசம் எனக்குப் பிடிக்கும், என் தங்கைக்குக் குமட்டும். இது எந்தக் கணக்கிலும் வராத விஷயம், ஆனால் இரவில் கழுத்தில் போட்டுக்கொண்டு படிக்கப்போகிற பொருளுக்கு இதுதான் முதல் விஷயமாகவும் ஆகிவிடும். தைப்பதற்கு முன் ஒரு கிண்ணம் தானியத்தை ஒரு நிமிடம் சூடாக்கி முகர்ந்து பாருங்கள்.

வாசனைக்கு உலர்ந்த லாவெண்டர் பூவோ நாலைந்து கிராம்போ சேர்க்கலாம். வாசனை எண்ணெய் சொட்டாதீர்கள். எரியக்கூடிய எண்ணெயை அடுப்புக்குள் அனுப்புவதை எந்த வாசனைக்காகவும் நான் ஏற்க மாட்டேன்.

ஜனவரி 4

செர்ரிக் கொட்டை கடைசியில் கிடைத்துவிட்டது, இரண்டு கிலோ. சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் இந்தக் கொட்டைப் பை வெகுகாலமாகப் புழக்கத்தில் உண்டு. முன்பு ஒருமுறை சின்னதாக நிரப்பிப் பார்த்ததோடு சரி.

சதை ஒட்டாமல் கொதிக்கவைத்துத் தேய்த்து, வெயிலில் மூன்று நாள் காயவைத்தேன். கையில் அள்ளினால் கூழாங்கல் சத்தம். மர ஓடு, உள்ளே காற்று, நடுவில் ஒரு பருப்பு. தானியத்தைவிட லேசு. சூடு முதலில் மெல்லியதாகத் தெரிகிறது, தானியம்போல் சுள்ளென்று இல்லை. இருபது நிமிடத்தில் ஆறிவிட்டது.

இதன் பெரிய லாபம், கழுவலாம். கழுவி நன்றாகக் காயவைத்தால் மறுபடி புதுசு. காறாது, வண்டு துளைக்காது. உறைபெட்டியில் வைத்துக் குளிர் ஒத்தடத்துக்கும் எடுக்கலாம்.

ஜனவரி 5

காறாது என்று எழுதியது அவசரம். உள்ளிருக்கும் பருப்பில் எண்ணெய் உண்டு. ஓடு உடையாதவரை சரி. வெடிப்பு விட்ட கொட்டையைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

ஜனவரி 21

அம்மா தன் பாதங்களுக்கு ஒரு பை கேட்டார்கள். தைத்தும் விட்டேன், ஆளி விதை, நான்கு அறை, நான் தைத்ததிலேயே அழகானது. கொடுக்கவில்லை.

அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. போன மாதம் காலில் குத்திய முள்ளே தெரியாமல் நடந்திருக்கிறார்கள். சுடுகிறது என்று சொல்ல முடியாத காலில் சூட்டை வைத்துவிட்டு நான் எப்படித் தூங்குவது?

தோல் எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரத்தில் வெந்துபோகும் என்பதை மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1947-ல் எழுதியிருக்கிறார்கள். 44 டிகிரி, குளிக்கிற வெந்நீர் அளவு, ஆறு மணி நேரம் பட்டால் புண்ணாகிவிடும். அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அந்த நேரம் ஏறக்குறைய பாதியாகிறது. 60 டிகிரியில் சில விநாடிகள் போதும். என் பையின் மேற்பரப்பு அடுப்பிலிருந்து எடுத்ததும் 55-ஐத் தாண்டுவதைத் தெர்மாமீட்டரில் பார்த்திருக்கிறேன். சுட்டால் நாம் கையை எடுத்துவிடுகிறோம், அதனால் தப்பிக்கிறோம். எடுக்கத் தெரியாத கைக்குழந்தை, உணர்ச்சி குறைந்த கால், மருந்து குடித்து அயர்ந்து தூங்குபவர், இவர்களுக்கு எந்த நிரப்பலும் பாதுகாப்பு கிடையாது.

அம்மாவுக்குக் கம்பளிக் காலுறை வாங்கிக் கொடுத்தேன். பையைத் தோளுக்கு, விழித்திருக்கும்போது மட்டும், நடுவில் துண்டு விரித்து, நான் பக்கத்தில் இருக்கையில் வைக்கிறோம்.

ஜனவரி 22

நேற்று எழுதியதற்கு வந்த பதில்களில் மூன்று பேர் பையைப் போர்வைக்குள் போட்டுப் படுக்கையைச் சூடாக்குவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். ஆறவேண்டிய சூட்டைப் போர்வை அடைத்துவிடும். நடுவில் கருகத் தொடங்கிய ஒரு கட்டி இருந்தால், அது அடைந்த இடத்தில் மெல்லப் புகைந்து பெரிதாகும். டிசம்பரில் என் கோதுமைப் பையில் இருந்தது அப்படிப்பட்ட கட்டிதான். பிரிட்டனில் இந்தப் பைகளுக்கென்றே பி.எஸ். 8433 என்று 2004-ல் ஒரு தர வரையறை வந்தது. அங்கே தீயணைப்புத் துறையினரும் படுக்கையைச் சூடாக்க இவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்றுதான் சொல்லி வருகிறார்கள். பயன்படுத்தி முடித்தால் ஓடு பதித்த தரையிலோ பாத்திரத்திலோ தனியாகக் கிடந்து ஆறட்டும். சூட்டோடு அலமாரிக்குள் திணிக்காதீர்கள்.

பிப்ரவரி 11

கேள்வி கேட்டவர் அரிசிப் பை தைத்துப் படம் போட்டிருக்கிறார். தையல் அருமை. ஆனால் கழுத்தில் நிற்கவில்லை, நழுவுகிறது என்கிறார்.

என் முதல் பதிலைத் திருத்த வேண்டும். கழுத்துக்கு என்று நீங்கள் தெளிவாகக் கேட்டிருந்தீர்கள், நான் முதல் பை என்பதை மட்டும் பார்த்து அரிசி என்றேன். கழுத்துப் பள்ளத்துக்கு ஆளி விதை நன்றாகப் படியும். முழுப் பையும் வேண்டாம். நடு அறை இரண்டில் ஆளி விதை, தோளில் தொங்கும் இரண்டு முனைகளில் கோதுமை அல்லது அரிசி. முனைகளின் கனம் பையை நிறுத்தும், நடுப்பகுதி படியும். ஒரே அறைக்குள் இரண்டையும் கலக்காதீர்கள், சின்ன விதை அடியில் இறங்கிவிடும். வருடா வருடம் ஆளி விதையை மட்டும் மாற்ற வசதியாக அந்த அறைகளின் வாயைக் கையால் தையுங்கள்.

பிப்ரவரி 11, இரவு

நானே ஒன்று அப்படித் தைத்துப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நழுவவில்லை.

ஏப்ரல் 30

அலமாரியைச் சுத்தம் செய்தபோது என் முதல் கோதுமைப் பை கிடைத்தது. ஆறு வருடப் பழசு. தைத்த அன்று உள்துணியில் 700 கிராம் என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன், ஏன் எழுதினேன் என்று நினைவில்லை. இன்று தராசில் 668. ஒரு வாரம் வெளியே வைத்துப் பார்த்தேன், ஒரு கிராம்கூட ஏறவில்லை. எங்கும் ஓட்டை இல்லை. பிரித்ததில் பாதிக் கோதுமை காப்பிக்கொட்டை நிறம். பல்லில் கடித்தால் பொடிகிறது. இனி அது தண்ணீரை வாங்கிக்கொள்ளாது.

கொட்டிவிட்டேன். துணி இன்னும் நன்றாக இருக்கிறது, துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். புதுக் கோதுமை உறைபெட்டியில் இருக்கிறது, வியாழக்கிழமை ஒரு வாரம் ஆகும்.

உங்கள் பையின் எடையையும் உள்துணியில் எழுதிவிடுங்கள், தேதியோடு.